பூல் கியூவுக்கு ஹார்ட், மீடியம், சாஃப்ட் டிப்: எதை, எதற்காகத் தேர்ந்தெடுப்பது?

ஓராண்டாக பூல் ஆடிவருவதாகவும், சொந்தக் கியூவின் (பந்தை அடிக்கும் கோலின்) முனையில் ஒட்டிய தோல் துண்டான டிப், முதலில் வந்தது, தேய்ந்துவிட்டதாகவும், சாஃப்ட் டிப் போட்டால் ஸ்பின் அதிகம் கிடைக்கும் என்று சிலரும் ஹார்ட் டிப் போட்டால் நீண்ட நாள் உழைக்கும் என்று சிலரும் சொல்வதால் குழம்பியிருப்பதாகவும் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நல்ல அடுக்குத் தோல் டிப்பில் மீடியம் ஒன்றை மாட்டுங்கள், அது தேய்ந்து தீரும் வரை வேறொன்றுக்குத் தாவாதீர்கள். ஆனால் விடையைவிட அதற்கான காரணம் உங்களுக்கு அதிகம் பயன்படும். ஸ்பின்னுக்காக டிப்பின் கடினத்தைத் தேர்ந்தெடுக்கிறவர், அந்தக் கடினத்தால் கிடைக்காத ஒன்றுக்காகப் பணத்தையும் பழக்கத்தையும் செலவழிக்கிறார்.

வெள்ளைப் பந்து எவ்வளவு சுழலும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. பந்தின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி டிப் தொடுகிறது என்பது ஒன்று. கியூ எவ்வளவு வேகமாக வருகிறது என்பது மற்றொன்று. பூல் பந்தின் விட்டம் சுமார் 57 மி.மீ., ஆரம் சுமார் 28.6 மி.மீ. மையத்துக்கு மேலே ஆரத்தின் ஐந்தில் இரண்டு பங்கு உயரத்தில், அதாவது ஏறத்தாழ 11.4 மி.மீ. மேலே, கியூவைக் கிடைமட்டமாக வைத்து அடித்தால், பந்து துணியில் வழுக்காமல் முதல் கணத்திலிருந்தே உருண்டு போகும். தோல் மென்மையாக இருந்தாலும் கடினமாக இருந்தாலும் இந்த உயரம் மாறுவதில்லை. மையத்திலிருந்து விலகும் தூரத்துக்கும், பந்தின் வேகத்தோடு ஒப்பிட்ட சுழற்சிக்கும் உள்ள உறவு பந்தின் வடிவத்திலிருந்தும் நிறைப் பரவலிலிருந்தும் வருவது. அந்தக் கணக்கில் டிப்பின் கடினத்துக்கு இடமே இல்லை.

டிப்புக்கு வேலை இருப்பது வேறோரிடத்தில்: தொட்ட இடத்தில் வழுக்காமல் பிடித்துக்கொள்வதில். மையத்திலிருந்து ஆரத்தின் பாதிக்கு மேல், அதாவது சுமார் 14 மி.மீ.க்கு மேல் விலகினால், நன்றாக சாக் (வழுக்காமலிருக்க டிப்பில் தேய்க்கும் பொடிக்கட்டி) பூசிய டிப்பும் பெரும்பாலும் வழுக்கிவிடும். அதைத்தான் மிஸ்கியூ என்கிறோம். இந்த எல்லையைக் காப்பது தோலும் சாக்கும் சேர்ந்து தரும் உராய்வு. தோல் டிப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவராக பிரெஞ்சுப் படைவீரர் பிரான்சுவா மிங்கோவைக் குறிப்பிடுவார்கள். இன்று நாம் பூசும் சிராய்ப்புத்தன்மையுள்ள சாக்குக்கு வில்லியம் ஸ்பிங்க்ஸும் வில்லியம் ஹாஸ்கின்ஸும் 1897-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். பந்தை விரும்பியபடி சுழற்றும் கலையே இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. ஆகவே டிப்பிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது எவ்வளவு மென்மையானது என்பதல்ல, சாக்கை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதே.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பட்டைப் பந்து ஒன்றை எடுத்து வெள்ளைப் பந்தின் இடத்தில் வையுங்கள். பட்டை கிடைமட்டமாக, பந்தின் இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போல இருக்கட்டும். பெரும்பாலான பந்துகளில் அந்தப் பட்டையின் அகலம் பந்தின் விட்டத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கும். ஆகவே பட்டையின் கீழ் விளிம்புதான் டிராவுக்கான, அதாவது வெள்ளைப் பந்தைப் பின்னால் வரவைக்கும் அடிக்கான, எல்லைக்கோடு. டிப்பில் புதிதாக சாக் பூசி, பட்டையின் கீழ் விளிம்புக்குச் சற்று மேலே குறி வைத்து அடித்துவிட்டு, பந்தைக் கையில் எடுத்துச் சாக் பதிந்த இடத்தைப் பாருங்கள். கீழ் விளிம்பருகே அடித்ததாக நம்பியிருந்தவர்களில் பலருக்குச் சாக் புள்ளி பட்டையின் நடுவுக்குச் சற்றுக் கீழேதான் பதிந்திருக்கும். டிரா வரவில்லை என்று டிப்பைக் குறை சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தப் புள்ளியைத்தான். புள்ளி கீழே இறங்கினால், எந்த டிப்பிலும் பந்து பின்னால் வரும்.

அப்படியானால் சாஃப்ட் டிப்பில் ஸ்பின் கூடுகிறது என்று அனுபவமுள்ளவர்களே சொல்வது ஏன்? அவர்கள் பொய் சொல்லவில்லை; அவர்கள் கண்டதற்கு வேறு காரணங்கள் உண்டு. மென்மையான தோல் சாக்கை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வழுக்காது என்ற நம்பிக்கை வந்ததும் கை தானாகவே மையத்திலிருந்து இன்னும் விலகி அடிக்கத் துணிகிறது. அதோடு, பழைய டிப்பைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டும்போது வடிவமும் புதிதாகிறது. தட்டையாகிப் போன டிப்பிலிருந்து நன்கு வளைந்த டிப்புக்கு வந்த மாற்றத்தை மென்மையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். உண்மையில் ஒரே வீச்சில் அடித்தால் கடினமான டிப்தான் பந்துக்குச் சற்று அதிக வேகத்தைக் கொடுக்கிறது, ஏனெனில் தோல் அமுங்கி மீளும்போது இழக்கும் ஆற்றல் அதில் குறைவு. டிரா அடிக்கும்போது பந்து இலக்கைச் சென்று சேரும் வரை துணி அதன் பின்சுழற்சியைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. வேகம் கூடினால், போய்ச் சேரும்போது மிஞ்சும் சுழற்சியும் கூடும். ஆக, கையின் வேகம் மாறாமல் இருந்தால், நீண்ட டிராவில் சாதகம் கொஞ்சமாவது ஹார்ட் டிப்பின் பக்கமே சாய்கிறது.

மென்மையான டிப் பந்தை அதிக நேரம் பிடித்திருப்பதால் சுழற்சி கூடுகிறது என்ற வாதத்தையும் கேட்டிருப்பீர்கள். தொடும் நேரம் சற்று நீள்வது உண்மைதான். ஆனால் அந்த நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியது. அதற்குள் உங்கள் கை எதையும் செய்ய முடியாது. அடியின் அதிர்வு கையை எட்டி, மூளை அதை உணரும்போது பந்து புறப்பட்டு வெகுதூரம் போயிருக்கும். பந்தைப் பிடித்து இழுப்பதாகத் தோன்றும் உணர்வு, முடிந்துபோன ஒன்றைப் பற்றிய செய்தி மட்டுமே.

சைடு ஸ்பின் அடிக்கும்போது வெள்ளைப் பந்து குறிக்கோட்டிலிருந்து எதிர்ப்பக்கம் விலகிப் போவதையும் சிலர் டிப்போடு முடிச்சுப் போடுகிறார்கள். அந்த விலகலைத் தீர்மானிப்பது முக்கியமாக ஷாஃப்டின், அதாவது கியூவின் மெல்லிய முன்பாதியின், முனைப்பகுதியின் எடை: டிப், அது ஒட்டியிருக்கும் பூணான ஃபெரூல், அதையடுத்த ஏறத்தாழ ஒரு சாண் நீளம். விலகலைக் குறைக்கும் ஷாஃப்டுகளை முனையில் எடை குறைத்துச் செய்வது இதனால்தான். டிப்பின் கடினத்தால் வரும் வேறுபாடு மிகச் சிறியது. அதற்காக டிப்பை மாற்றுவதில் பயனில்லை.

இவ்வளவையும் ஒதுக்கிவிட்டால் கடினம் எதை மாற்றுகிறது? உணர்வையும், ஒலியையும், வேகக் கட்டுப்பாட்டையும், பராமரிப்பையும். இவை சிறிய விஷயங்கள் அல்ல. மென்மையான டிப் மங்கிய, அடங்கிய ஒலி தரும். கடினமான டிப் கறாரான, கூர்மையான ஒலி தரும். ஆட்டக்காரர் தன் அடி எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதைக் காதாலும் கையாலும் கற்றுக்கொள்கிறார்; அந்தச் செய்தி தெளிவாகவும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியும் வந்தால்தான் அடுத்த அடியைத் திருத்த முடியும். ஆகவே எந்த ஒலி உங்களுக்குப் பிடிக்கிறது என்பது நியாயமான அளவுகோல்தான். ஷாஃப்ட் கார்பன் ஃபைபராக இருந்து, அதன் ஒலி உங்களுக்குக் கடுமையாகப் பட்டால், ஒரு படி மென்மையான டிப் அதைத் தணிக்கும். மரத்தாலான மெல்லிய ஷாஃப்டில் அடி சொதசொதவென்று தோன்றினால், ஒரு படி கடினமானது அதற்குத் தெளிவு கொடுக்கும்.

வேகத்தைப் பொறுத்தவரை, சாஃப்ட் டிப்பில் பந்து சற்றுக் குறைவாக ஓடும். மெதுவாக உருட்டி வைக்கும் பாதுகாப்பு அடிகளில் இதை விரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் மேசையின் முழு நீளத்துக்கும் வெள்ளைப் பந்தைக் கொண்டுபோக வேண்டிய இடத்தில் அதே ஆள் கூடுதல் பலத்தைப் போட வேண்டியிருக்கும். பலம் கூடும்போது கியூ நேர்கோட்டிலிருந்து விலகுவதும் எளிதாகிறது. இன்னும் நிலையான வீச்சு அமையாதவருக்கு நான் சாஃப்டைப் பரிந்துரைக்கத் தயங்குவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் பராமரிப்பு. புதிய சாஃப்ட் டிப்பை மாட்டி ஆடத் தொடங்கியதும், அடிபட்டு அடிபட்டு அது அமுங்கி, பக்கவாட்டில் பிதுங்கும். ஃபெரூலின் பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து மேல்நோக்கி மெல்ல இழுத்துப் பாருங்கள். டிப் தொடங்கும் இடத்தில் நகம் ஒரு விளிம்பில் தட்டினால், டிப் காளான் குடை போலப் பிதுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பிதுக்கத்தைச் சீவி, பக்கத்தைத் தேய்த்து மெருகேற்ற வேண்டும்; அமுங்கித் தட்டையான மேற்பரப்பை மறுபடியும் வளைவாக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் டிப்பின் உயரம் கொஞ்சம் போகிறது. அமுங்க அமுங்கத் தோல் இறுகுவதால், நீங்கள் விரும்பி வாங்கிய மென்மையும் சில மாதங்களில் அப்படியே இருப்பதில்லை. முதல் வாரத்தில் பழகிய டிப் ஒன்று, மூன்றாம் மாதத்தில் ஆடுவது இன்னொன்று.

ஹார்ட் டிப்புக்கு இந்தத் தொல்லை குறைவு. வடிவம் நிற்கும், பிதுங்காது, நீண்ட நாள் வரும். அதன் குறை வேறு. விளக்கு வெளிச்சத்தில் டிப்பின் உச்சியைச் சாய்த்துப் பார்த்தால், நடுவில் கண்ணாடி போல மின்னும் ஒரு வட்டம் தெரியும். அங்கே தோல் மெருகேறி வழவழப்பாகிவிட்டது. சாக்கைத் தேய்த்தாலும் அந்த வட்டத்தில் ஒட்டாமல் சுற்றிலும்தான் ஒட்டும். முக்கியமான அடியில் வழுக்குவது பெரும்பாலும் இந்த டிப்தான். உச்சியை அவ்வப்போது சொரசொரப்பாக்க வேண்டும். டிப்பைக் குத்தும் சிறு முட்கருவியால் மெதுவாக அழுத்தியோ, சொரசொரப்பான கருவியால் லேசாகத் தட்டியோ செய்யலாம். அரம் போல அழுந்தத் தேய்த்தால் உயரம்தான் வீணாகும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் சாக் பூசும் ஒழுக்கம் உள்ளவருக்கு ஹார்ட் டிப் நன்றாகவே ஒத்துழைக்கும். மறந்துவிடுகிறவரை அது மன்னிக்காது. மீடியத்தை நான் சொல்வது அது நடுவில் இருப்பதால் அல்ல. வடிவத்தைப் போதுமான காலம் காத்துக்கொண்டே, சாக்கையும் எளிதாக ஏற்றுக்கொள்வதால்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் சொல்லுக்கு எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒப்புக்கொண்ட அளவு என்று ஒன்று கிடையாது. ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் ஹார்டை ஒத்திருக்கலாம். கடினத்தை அளக்கும் டூரோமீட்டர் என்ற கருவியால் சிலர் அளந்து எண்களை வெளியிடுகிறார்கள். அந்த எண்கள் ஒரே கருவியால், ஒரே முறையில் எடுக்கப்பட்டிருந்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். ஆகவே நண்பர் ஒருவர் சாஃப்ட் நன்றாக இருக்கிறது என்றால், எந்தத் தயாரிப்பின் சாஃப்ட் என்று கேளுங்கள்; முடிந்தால் அவருடைய கியூவை வாங்கிப் பத்துப் பந்து அடித்துப் பாருங்கள்.

கடினத்தைவிட முக்கியமாக நான் கருதுவது, டிப் ஒற்றைத் தோலா, அடுக்குத் தோலா என்பதை. எல்க் மாஸ்டர், லெ புரொஃபெஷனல், டிரையாங்கிள் போன்றவை ஒற்றைத் தோல் துண்டுகள். விலை குறைவு, பெட்டியாக வாங்கலாம். இவற்றில் எல்க் மாஸ்டர் மென்மையானது, மற்ற இரண்டும் அதைவிடக் கடினமானவை. ஆனால் தோல் இயற்கைப் பொருள். ஒரே பெட்டியில் ஒன்று இறுகலாகவும் ஒன்று தளர்வாகவும் இருக்கும். நல்ல துண்டைப் பொறுக்கி எடுக்கக் கைப்பழக்கம் வேண்டும். எல்க் மாஸ்டரைப் பாலில் ஊறவைத்து, உலர்த்தி, இடுக்கியில் அழுத்தி இறுக்கிப் பயன்படுத்தும் வழக்கமும் உண்டு. பொறுமையுள்ளவர்களுக்கு அது நன்றாகவே பயன்படுகிறது. கமூயி, மூரி போன்ற ஜப்பானிய டிப்புகள் மெல்லிய தோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அழுத்திச் செய்தவை. விலை பல மடங்கு. அதற்கு ஈடாகக் கிடைப்பது ஒரே சீரான தன்மை: அடுத்த முறை அதே பெயரில் வாங்கும் டிப் ஏறத்தாழ இதே மாதிரி ஆடும். கையோடு நிற்கும் பழக்கத்தை உருவாக்க விரும்புகிற உங்களைப் போன்றவருக்கு இந்தச் சீர்மை, மென்மையையும் கடினத்தையும்விடப் பெரிய விஷயம்.

வடிவத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் கேள்வி கேட்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை. டிப்பின் வளைவை அமெரிக்க நாணயங்களால் குறிப்பிடுவது வழக்கம்: 21.2 மி.மீ. விட்டமுள்ள நிக்கலின் வளைவு, அல்லது 17.9 மி.மீ. விட்டமுள்ள டைமின் வளைவு. நீங்கள் பந்தின் எல்லைவரை விலகி அடிக்கும்போது, டிப்பின் உச்சி பந்தைத் தொடுவதில்லை, அதன் பக்கம்தான் தொடுகிறது. நிக்கல் வளைவில் அந்தத் தொடுபுள்ளி டிப்பின் நடுவிலிருந்து சுமார் 5.3 மி.மீ. தள்ளி இருக்கும். பூல் டிப்பின் வழக்கமான அகலம் 13 மி.மீ., அதில் பாதி 6.5 மி.மீ.; ஆகவே இன்னும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடம் இருக்கிறது. டிப் தட்டையாகி, வளைவின் ஆரமே 13 மி.மீ. ஆகிவிட்டால், அதே அடியில் தொடுபுள்ளி டிப்பின் ஓரத்துக்கே வந்துவிடும். சாக் சரியாகப் படாத, தாங்குவதற்குத் தோல் இல்லாத ஓரம் அது. தட்டையான சாஃப்ட் டிப், நன்கு வளைந்த ஹார்ட் டிப்பைவிட எளிதாக வழுக்குவது இதனால்தான். பெயரில் உள்ள மென்மை அந்த இடத்தில் காப்பாற்றாது. நீங்கள் நிக்கல் வளைவில் தொடங்குங்கள். டைம் வளைவு தேவை என்று தோன்றினால் பிறகு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் குறைத்த உயரத்தைத் திரும்பப் பெற முடியாது.

ஆட்டத் தொடக்கத்தில் அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் பிரேக் கியூ தனி உலகம். அங்கே ஸ்பின்னுக்கு வேலை குறைவு, வேகத்துக்கு வேலை அதிகம். ஆகவே மிகக் கடினமான தோலோ, ஃபீனாலிக் என்னும் பிசின் டிப்போ பயன்படுத்துகிறார்கள். பந்தைத் தாவச் செய்யும் ஜம்ப் கியூவிலும் அப்படியே. ஆனால் ஃபீனாலிக்கை எல்லாப் போட்டிகளிலும் அனுமதிப்பதில்லை. உலக பூல் சங்கத்தின் விதிகள், டிப் வெள்ளைப் பந்தைக் கீறவோ சேதப்படுத்தவோ கூடாது என்றும், அதன் அகலம் 14 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கின்றன. போட்டிக்குப் போகும்முன் அமைப்பாளர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே கியூவில் பிரேக்கும் ஆட்டமும் செய்கிறவரானால், சாஃப்டைத் தவிர்ப்பதற்கு இது மூன்றாவது காரணம். டிப்பை வேகமாக நசுக்குவது பிரேக் அடிதான்.

ஸ்னூக்கர் ஆடுபவர்களின் அறிவுரையைப் பூலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அங்கே பந்து 52.5 மி.மீ., டிப் பெரும்பாலும் 9 முதல் 10 மி.மீ.; பந்து இலேசானது, முனை மெல்லியது, ஓட்டம் வேறு. எல்க் மாஸ்டரை விரும்பும் ஸ்னூக்கர் ஆட்டக்காரர்கள் நிறைய உண்டு, அவர்களுடைய மேசையில் அது சரியாகவும் இருக்கலாம்.

மீடியம் டிப்பை மாட்டும்போது, பழைய பசை துளியும் மிஞ்சாமல் ஃபெரூலின் முகத்தைச் சுத்தம் செய்து சமதளமாக்கச் சொல்லுங்கள். முகம் சாய்ந்திருந்தால் எவ்வளவு நல்ல டிப்பும் ஒரு பக்கம் பிரிந்து, அடியில் ஒரு கிளிக் ஒலி கேட்கும். மாட்டிய முதல் சில நாட்களில் தோல் கொஞ்சம் அமுங்கும். அப்போது ஒருமுறை பக்கத்தைச் சீவி, வளைவைச் சரிபார்த்தால் போதும். அதன்பின் ஆட்டத்துக்கு முன் உச்சியை ஒரு பார்வை பாருங்கள்; சாக் சமமாகப் படிந்தால் எதையும் தொடாதீர்கள். பக்கச் சுவரின் உயரம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டராகக் குறையும்போது மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் விலகி அடிக்கும் அடிகளில் ஃபெரூல் பந்தைத் தொட்டுவிடும். அப்படி மாற்றும் நாளில், பல மாதங்கள் ஆடிய இந்த மீடியத்தில் எது குறை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அடிக்கடி பிதுங்கியது என்றாலோ, அடியின் ஒலி தெளிவாக இல்லை என்றாலோ, அதே தயாரிப்பில் ஹார்டுக்குப் போங்கள். ஒலி உறுத்தியது, மெதுவான அடிகளில் பந்து நினைத்ததைவிட அதிகம் ஓடியது என்றால், அதே தயாரிப்பில் சாஃப்டுக்குப் போங்கள். தயாரிப்பையும் கடினத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது எதைச் செய்தது என்று பிரித்தறிய முடியாது.